மீன் நமக்காகச் சாகவில்லை

“வீட்டுக்கு வர இருந்த கெட்டத அது வாங்கிக்கிட்டுப் போயிருச்சு. விடுங்க, எல்லாம் நல்லதுக்குத்தான்.”

தொட்டியில் தங்கமீன் செத்து மிதக்கும் வீட்டில் இதைச் சொல்ல யாராவது ஒருவர் எப்படியும் இருப்பார். பாட்டி சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், வாஸ்து பார்க்க வந்தவர் சொல்வார். ஜொகூரில், கெலாங் பாத்தாவின் தாமான் குடியிருப்பு வீடுகளில் சீனர்களும் தமிழர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி நம்புகிறார்கள். அவர்களுக்கு ஃபெங் சுய், நமக்கு வாஸ்துவும் கண்ணூறும். சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். அழுகிற பிள்ளையைத் தேற்ற வேண்டும், தொட்டியைக் கழுவியவர் மனம் நோகக் கூடாது என்ற எண்ணம்தான். ஆனாலும் அந்தப் பேச்சு உண்மையல்ல. அடுத்து வாங்கி வரும் மீனையும் சாகடிப்பது அந்தப் பேச்சுதான் என்பதால் அதை மறுத்தே ஆக வேண்டும்.

தீபாவளிக்கு முந்தைய வாரத்தை எடுத்துக்கொள்வோம். வீடு முழுக்கக் கழுவுகிறோம். மீன்தொட்டி மட்டும் பச்சை பிடித்துக் கிடந்தால் நன்றாகவா இருக்கும்? மீன்களை ஒரு வாளிக்கு மாற்றி, பழைய தண்ணீர் மொத்தத்தையும் கால்வாயில் கொட்டுகிறோம். கண்ணாடியைப் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுத் தேய்க்கிறோம். கூழாங்கல்லை அலசுகிறோம். ஃபில்டரில் இருக்கும் பஞ்சைக் குழாயடியில் பிடித்து, கறுப்பெல்லாம் போகிறவரை பிழிகிறோம். பிறகு குழாயைத் திறந்து விட்டுத் தொட்டியை நிரப்பி, மீன்களைத் திரும்ப விடுகிறோம். அன்று மாலை தொட்டி கண்ணாடிபோல் மின்னுகிறது. அன்றிரவோ மறுநாளோ மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இரண்டு மூன்று நாளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. பண்டிகை நேரத்தில் இப்படி ஆனதே என்று வீட்டில் ஒரு கலக்கம். அப்போதுதான் அந்த ஆறுதல் வார்த்தை வருகிறது.

அந்தத் தொட்டியில் நடந்தது இதுதான். மீன் செவுள் வழியாக ஓயாமல் அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். பட்டினி கிடந்தாலும் வெளியேற்றும். தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அமோனியாதான். அது மீனுக்கு நஞ்சு. நாள்பட்ட தொட்டியில் கூழாங்கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் நுண்ணுயிரிகள் குடியேறியிருக்கும். அவற்றில் ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான், இரத்தத்தில் கலந்து, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்துவிடும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மீன் ஓரளவுக்குத் தாங்கும். அழுக்கு என்று நாம் பிழிந்து எறிந்த பஞ்சின் கறுப்பில்தான் இந்த உயிர்கள் இருந்தன. குழாய்த் தண்ணீரின் குளோரின் மிச்சமிருந்தவற்றையும் கொன்றது. அதே குளோரின் மீனின் செவுளையும் அரித்தது. மலேசியக் குடிநீர்த் தரம் ஒரு லிட்டரில் 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை குளோரின் மிச்சமிருக்கலாம் என்கிறது. நம் வயிற்றுக்கு அது பாதுகாப்பு. தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடும் உயிருக்கு அந்த அளவே பேராபத்து.

இதில் கெட்ட கண் எங்கே இருக்கிறது?

“ஒண்ணு செத்தா சரி, எட்டும் ஒரே நாள்ல போச்சே, அப்படீன்னா பெரிய கண்டம்தானே?” என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியிலேயே விடை இருக்கிறது. எட்டு மீனும் ஒரே தண்ணீரில் மூச்சு விடுகின்றன. நோய் வந்தால் ஒன்று, பிறகு இன்னொன்று என்று முன்னும் பின்னுமாகப் போகும். எல்லாம் சேர்ந்து போனால் தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். சாவு எப்போது வருகிறது என்பதையும் பாருங்கள். புதுத் தொட்டி வாங்கி வைத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் வரும், இல்லாவிட்டால் தொட்டியை முழுசாகக் கழுவியதை ஒட்டி வரும். புதுத் தொட்டியில் நுண்ணுயிரிகள் பெருகி வேலைக்கு வர நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும். அதற்குள் அமோனியா ஏறிவிடுகிறது. குடும்பத்துக்கு வரும் துன்பங்கள் தொட்டி வாங்கிய தேதியையும் கழுவிய தேதியையும் பார்த்தா வருகின்றன?

அமோனியா என்றதும் ஏதோ ஆய்வுக்கூடத்து விவகாரம் என்று ஜொகூர்க்காரர்கள் ஒதுக்கிவிட முடியாது. 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அமோனியா அளவு ஏறியதால் நம் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தி வைத்தார்கள். அதே ஆற்றில் நீரெடுக்கும் சிங்கப்பூரின் நிலையத்தையும் நிறுத்தினார்கள். குழாயில் தண்ணீர் வராத வீடுகளில் யாரும் அதைக் கண்ணூறு என்று சொல்லவில்லை. ஆற்றில் என்னத்தைக் கொட்டினார்கள், யார் கொட்டினார்கள் என்றுதான் கேட்டோம். சரியான கேள்வி அது. கண்ணாடித் தொட்டிக்குள் அதே அமோனியா ஏறும்போது மட்டும் அந்தக் கேள்வியை ஏன் விட்டுவிடுகிறோம்?

இன்னும் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கெலாங் பாத்தாவிலிருந்து கடலை நோக்கிப் போனால் மேற்கு ஜொகூர் நீரிணை. அங்கே கடலில் கூண்டு கட்டிக் கொடுவா மீனும் களவா மீனும் வளர்க்கிறார்கள். 2014 பிப்ரவரியில் அந்தக் கூண்டுகளில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வளர்த்தவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. மலேசிய ஆய்வாளர்கள் நீரை எடுத்துப் பார்த்தார்கள். கார்லோடினியம் ஆஸ்திரேல் என்ற நுண்பாசி அளவுக்கு மீறிப் பெருகியிருந்ததைக் கண்டு, அதே ஆண்டில் ஆய்விதழில் எழுதினார்கள். கடலில் செத்த மீனுக்குக் காரணம் தேடினோம், கண்டுபிடித்தோம், எழுதியும் வைத்தோம். மீன்வளத் துறையின் உவர்நீர் வளர்ப்பு ஆய்வு நிலையம் பல பத்தாண்டுகளாக இருந்துவரும் ஊர் இது. நீரைப் படித்தால்தான் மீனைக் காப்பாற்ற முடியும் என்ற அறிவு நமக்குத் தொலைதூரத்து அறிவு அல்ல. விலை உள்ள மீனுக்கு அறிவையும் விலை குறைந்த மீனுக்கு விதியையும் ஒதுக்கிவைத்திருக்கிறோம். இதை நான் ஏற்க மாட்டேன்.

கண்ணூறை நம்பாதவர்களும் வேறொரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். “தங்கமீன் ரொம்ப நாள் தாங்காது. அதோட ஆயுசே அவ்வளவுதான்.” கடைக்காரரும் இதைச் சொல்கிறார், படித்தவர்களும் சொல்கிறார்கள். கண்ணூறுப் பேச்சைவிட இது எனக்கு அதிக வருத்தம் தருகிறது, ஏனென்றால் உண்மை இதற்கு நேர் எதிராக இருக்கிறது. தங்கமீன் கெண்டை இனத்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகச் சீனர்கள் வளர்த்துவரும் மீன். ஒழுங்காக வைத்திருந்தால் பத்துப் பதினைந்து ஆண்டு வாழும்; அதற்கு மேலும் வாழும். 1956இல் இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகரத்துச் சந்தையில் ஒரு பையனுக்குப் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 1999 ஆகஸ்ட்டில்தான் செத்தது. நாற்பத்து மூன்று ஆண்டுகள்! அந்தப் பையன் வளர்ந்து வீட்டை விட்டுப் போன பிறகும் அவன் பெற்றோர் அதைப் பார்த்துக்கொண்டார்கள்.

அதன் உடல் உறுதிக்கு இன்னொரு சான்றும் உண்டு. குளிர்நாடுகளில் குளம் மேலே உறைந்து போனால் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மற்ற மீன்கள் செத்துப் போகும் அந்த நிலையிலும் தங்கமீனும் அதன் நெருங்கிய உறவான குரூசியன் கெண்டையும் தாக்குப்பிடிக்கின்றன. ஆக்சிஜன் இல்லாமல் உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை மதுசாரமாக மாற்றி, செவுள் வழியே வெளியேற்றிவிடுகின்றன. இது எப்படி நடக்கிறது என்பதை ஓஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் விளக்கினார்கள். முதுகெலும்புள்ள உயிர்களில் இப்படிச் செய்யக்கூடியவை மிகச் சில. பனிக்கட்டிக்கு அடியில் பிழைக்கும் உயிரை நம் வரவேற்பறையில் மூன்று வாரத்தில் சாக விட்டுவிட்டு, அதற்குத் தெம்பு போதாது என்கிறோம்.

குளிர்நீர் மீன் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை பாகைகூட வடக்கே இல்லை. வீட்டுக்குள் இருக்கும் தண்ணீரே 28, 30 டிகிரி இருக்கும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே வெப்பத்தில் மீனின் உடல் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கும், அதிகக் கழிவும் விடும். அமோனியாவில் கொடிய நஞ்சாக இருக்கும் பங்கும் அந்தப் பத்து டிகிரி ஏற்றத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். ஆகவே இங்கிலாந்தில் ஒரு சின்னத் தொட்டியில் தப்பித்த மீன் கெலாங் பாத்தாவில் அதே தொட்டியில் தப்பிக்கும் என்று எண்ண முடியாது. நமக்குப் பெரிய தொட்டி வேண்டும், ஓயாமல் காற்று அடிக்கும் பம்ப் வேண்டும். ஒரு மீனுக்கு 40 லிட்டராவது வேண்டும் என்பது என் கணக்கு. அதைவிடக் கூடினால் நல்லது. மேசை மேல் வைக்கும் உருண்டைக் கிண்ணத்தில் அஞ்சு ஆறு லிட்டர்கூடக் கொள்ளாது. இத்தாலியில் மோன்ஸா நகரம் 2004இலும் ரோம் நகரம் 2005இலும் தங்கமீனை உருண்டைக் கிண்ணத்தில் வைப்பதைத் தடை செய்தன. நம் கடைகளில் இன்றைக்கும் கிண்ணமும் மீனும் ஒரே பையில் போகின்றன.

இந்த இடத்தில் மூத்தவர்கள் ஒன்று சொல்வார்கள், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. “எங்க காலத்துல எந்த மருந்து போட்டோம், எந்த ஃபில்டர் வச்சோம்? லயத்துக்குப் பின்னால தொட்டியில மீன் வருஷக்கணக்கா கிடந்துச்சே.” உண்மைதான். தோட்டத்து வீடுகளின் வெளியே இருந்த சிமெந்துத் தொட்டிகளில் மீன் நன்றாகவே இருந்தது. அந்தத் தொட்டி அகலமானது, காற்று படுகிற மேற்பரப்பு பெரிது. மழைநீரோ கிணற்றுநீரோ விழுந்தது. குழாய்நீர் விட்டாலும் வெயிலில் கிடந்து குளோரின் பறந்துபோனது. சுவரெல்லாம் பாசி, அந்தப் பாசி அமோனியாவை உறிஞ்சிக்கொண்டது. யாரும் மூன்று வேளை தீனி போடவில்லை, கொசுப்புழுவைத் தின்று மீன் வளர்ந்தது. முக்கியமாக, அந்தத் தொட்டியை யாரும் சோப்புப் போட்டுக் கழுவவில்லை. மூத்தவர்களின் அனுபவம் என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. தண்ணீரைத் தண்ணீராக விட்டுவைத்தார்கள், மீன் இருந்தது. சீனத்தில் தங்கமீனை வளர்த்தவர்களும் அகன்ற மண்தாழிகளில்தான் வளர்த்தார்கள். பழைய நீர், புது நீர் என்று பிரித்துப் பேசும் வழக்கம் அவர்களிடம் இன்றும் உண்டு. 1596இலேயே ஜாங் சியேன்த என்பவர் செந்நிறத் தங்கமீன்களைப் பற்றி மட்டும் தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறார். அவ்வளவு கவனத்தை அந்த மீன் பெற்றிருக்கிறது.

அந்தக் கவனத்தை விட்டுவிட்டு, தொட்டிக்கு ஈசான மூலை, மீனில் எட்டுப் பொன்னிறம், ஒரு கறுப்பு என்ற வாஸ்து, ஃபெங் சுய் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டோம். இது தொன்றுதொட்டு வந்த சாத்திரம் என்பவர்களுக்கு ஒரு செய்தி. வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. பொதுமக்கள் பார்ப்பதற்கான முதல் மீன் காட்சிக்கூடமே 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் திறக்கப்பட்டதுதான். வரவேற்பறைத் தொட்டிக்குத் திசை சொல்லும் விதி எந்தக் காலத்தில் வந்திருக்க முடியும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மீனுக்கு மூன்று நொடிதான் ஞாபகம், அதற்கு ஒன்றும் தெரியாது என்ற பேச்சுக்கு அதிக இடம் கொடுக்க வேண்டியதில்லை. பிளிமத் பல்கலைக்கழகத்தில் தங்கமீன்கள், நெம்புகோலைத் தள்ளினால் தீனி விழும் என்பதையும், ஒரு நாளில் குறிப்பிட்ட ஒரு மணி நேரம்தான் அது விழும் என்பதையும் கற்றுக்கொண்டன. தொட்டியருகே நீங்கள் போனதும் மேலே ஓடி வருகிறதே, எதை நினைத்து வருகிறது?

இனி, “சொல்லிவிட்டுப் போகட்டுமே, அதனால் யாருக்கு என்ன நட்டம்” என்பவர்களுக்கு. நட்டம் மீனோடு நிற்பதில்லை. கெட்டதை வாங்கிக்கொண்டது என்றால் அந்தக் கெட்டது யாரால் வந்தது என்ற கேள்வி பின்னாலேயே வரும். புதிதாக வந்த மருமகளின் ராசி, பிறந்த குழந்தையின் நட்சத்திரம், நேற்று வந்து தொட்டியைப் பார்த்து “அழகா இருக்கே” என்று சொன்ன விருந்தாளியின் கண் என்று பேச்சு வளரும். ஒரு பஞ்சைக் குழாயடியில் பிழிந்ததற்கு ஒரு பெண் வாழ்நாள் முழுக்கப் பழி சுமக்க நேரலாம். பிள்ளைக்கும் தீங்குதான். அப்பா இரண்டாம் இணைப்புப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூரின் துவாஸுக்கு வேலைக்குப் போய் வருகிறவர். அவருக்கு வர இருந்த விபத்தைத் தன் மீன் தடுத்தது என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் சொன்னால், தொட்டி காலியாக இருக்கும் ஒவ்வொரு இரவும் அது எதை நினைத்துப் பயப்படும்? தேற்றுகிறோம் என்று நினைத்து அச்சத்தை விதைக்கிறோம்.

உண்மையிலேயே நம் உயிருக்குப் பதிலாக ஓர் உயிர் போனதென்று நம்புகிறவர்கள் அதற்கு என்ன மரியாதை செய்கிறார்கள் என்பதையும் கேட்கிறேன். குப்பைப் பையில் போட்டுக் கட்டிவிட்டு, வாரக் கடைசியில் சில ரிங்கிட்டுக்கு வேறு மீன் வாங்குகிறோம். பக்தியாகத் தெரியும் அந்தப் பேச்சுக்குள் இருப்பது, காரணத்தைத் தேடாமல் நகர்ந்துவிடும் வசதிதான்.

“தினமும் மீன் குழம்பு வைக்கிற வீட்டில் ஒரு மீனுக்கு இத்தனை பேச்சா?” என்ற கேள்வியும் வரும். தட்டுக்கு வரும் மீனை நாம் வளர்ப்பதாக ஏற்கவில்லை. தொட்டி மீனுக்கு நீர், தீனி, காற்று அத்தனையும் நம் கையில். அது எங்கும் போய்ப் பிழைக்க முடியாது. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும், உயிர் ஒன்றை வைத்திருப்பவர் அதற்குத் தகுந்த சூழலையும் உணவையும் தர வேண்டும் என்று கடமையாகத்தான் சொல்கிறது. மீன் மலிவாகக் கிடைக்கிறது என்பதால் அந்தக் கடமை மலிந்துவிடாது.

செய்ய வேண்டியவை கடினமும் இல்லை, செலவும் அதிகம் இல்லை. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரை வாளியில் பிடித்துக் காற்று அடித்து ஒரு நாள் வையுங்கள், அல்லது குளோரின் முறிக்கும் சொட்டு மருந்தை விடுங்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் மருந்து விட்டே ஆக வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூர்க் குழாய்நீரில் இருப்பது குளோரமின், அது வாளியில் வைத்தால் லேசில் போகாது. ஃபில்டர் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் லேசாக அலசினால் போதும். சோப்பு தொட்டிப் பக்கமே வரக் கூடாது. தீனி விஷயத்தில் வீட்டுக்குள் ஒருவர் மட்டும் பொறுப்பேற்க வேண்டும். விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் அப்பா ஒரு பிடி, பள்ளி விட்டு வந்த பிள்ளை ஒரு பிடி, இரவில் அம்மா ஒரு பிடி என்று போட்டால் மீன் தின்று சாகாது, மிச்சம் அழுகிய தண்ணீரில் சாகும். அழுக்கைத் தின்னட்டும் என்று இக்கான் பண்டாராயா என்ற உறிஞ்சுவாய் மீன் ஒன்றைச் சேர்த்து விடுவதையும் விட்டுவிடுங்கள். அதுவும் கழிவு விடும் உயிர்தான். பசித்தால் தங்கமீனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேல்பூச்சை உறிஞ்சும். பெரிதானதும் அதை ஆற்றில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார்கள். இந்த நாட்டு ஆறுகள் அதனால் படும் பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கடைசியாக ஒன்று. தொட்டி காலியாக இருக்கக் கூடாது, உடனே புது மீன் விட்டு எண்ணிக்கையை நிரப்ப வேண்டும் என்று அதே வாஸ்துக்காரர் சொல்வார். அதைக் கேட்காதீர்கள். மீன்களைக் கொன்ற தண்ணீரும் நுண்ணுயிர் இல்லாத பஞ்சும் அப்படியே இருக்கும்போது புது மீனை விட்டால் அதுவும் போகும். ஃபில்டரை ஓட விடுங்கள். நன்றாக மீன் வளர்க்கும் நண்பர் யாராவது இருந்தால் அவர் தொட்டியின் பழைய பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். தினமும் துளித் தீனி மட்டும் போட்டுவாருங்கள், அது அழுகித்தான் நுண்ணுயிரிகளுக்கு இரையாகும். மீன் கடையில் அமோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் சோதனைப் பெட்டி கிடைக்கும். இரண்டும் ஏறி இறங்கிப் பூச்சியத்துக்கு வர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகலாம். அது வரை தொட்டியில் தண்ணீர் மட்டும் இருக்கட்டும். ஏன் மீன் வாங்கவில்லை என்று பிள்ளை கேட்டால், தண்ணீர் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லி, சோதனைக் குழாயை அதன் கையிலேயே கொடுத்து நிறம் பார்க்கச் சொல்லுங்கள்.